வான்கோழியும் ஒரு ராஜாவும், எங்கள் மைத்துனரும்



போன மாதம் எங்கள் பெரிய மைத்துனர் நெஞ்சு கிழிகிற மாதிரி வலிக்கிறது என்று சாய்ந்துவிட்டார். வலி முதுகுக்கும் பரவியது. ஸ்கேன் பார்த்து, மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது என்றார்கள். "ஆபரேஷன் பண்ணாம நாடித்துடிப்பையே குறைச்சிட்டிருக்காங்களே" என்று ஐ.சி.யு. வாசலில் நம் ஆட்கள் கொதித்தார்கள். நானும்தான். பணியில் இருந்த இளம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிறகு நான் தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

1760 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜ் கழிப்பறையில் திடீரென இறந்தார். உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் பிராங்க் நிக்கோல்ஸ், இதயத்தைச் சுற்றி ரத்தம் உறைந்திருந்ததையும் மகாதமனியின் உட்புறக் கிழிசலையும் எழுதிவைத்தார். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்த நோய்க்கு வைத்தியமே இல்லை. 1955-இல் அமெரிக்காவில் டிபேக்கி குழுவினர் அறுவை முறையை வெளியிட்டார்கள். ஆனால் அவசரமாக அறுத்தவர்களில் இறந்தவர்கள் அதிகம்.

1965-இல் புளோரிடாவில் மைரன் வீட் என்பவர், தானே அறுவை மருத்துவராக இருந்தும், கத்தியை வைத்துவிட்டு மருந்தைக் கையில் எடுத்தார். இந்த யோசனைக்குப் பின்னால் வான்கோழி இருக்கிறது! அங்கே பண்ணைகளில் வான்கோழிகள் மகாதமனி வெடித்துச் சாகும். தீவனத்தில் சிறிதளவு ரிசர்பின் கலந்தால் அந்தச் சாவு குறைந்தது. ரிசர்பின் எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து. ரத்தக்கொதிப்புக்கு அந்த வேர் பயன்படுவதை 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதியிருந்தார்.

வீட் சொன்ன தத்துவம் எளிது. கிழிசலை வளர்ப்பது ரத்த அழுத்தம் மட்டுமல்ல. இதயம் ஒவ்வொரு முறையும் அடிக்கும் அடியின் வேகமும்தான். கிழிந்த வேட்டியை வெடுக்கென்று இழுத்தால் நீளமாகக் கிழியும் அல்லவா? அதே கதைதான். அடியும் மெதுவாக வேண்டும், அடியின் எண்ணிக்கையும் குறைய வேண்டும்.

ஜேம்ஸ் பிளாக் குழுவினர் 1960-களில் கண்டுபிடித்த புரோப்ரனலால் வகை மருந்துகள் இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. இன்று எஸ்மலால், லேபடலால் ஆகியவற்றை நரம்பு வழியே ஏற்றி நாடியை நிமிடத்துக்கு 60-க்குக் கீழும், மேல் அழுத்தத்தை 100 முதல் 120-க்குள்ளும் கொண்டுவருகிறார்கள். இதில் வரிசை முக்கியம். ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தை முதலில் கொடுத்தால் அழுத்தம் இறங்கும், ஆனால் அதை ஈடுகட்ட இதயம் பதறி ஓடும், கிழிசல் நீளும். அதனால் நாடியை அடக்கிவிட்டுத்தான் அந்த மருந்து. நாங்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது இதுதான்.

இதயத்திலிருந்து மேலெழும் பகுதியில் கிழிந்தால் அறுவை அவசரம். மேசைக்குப் போகும்வரை இந்த மருந்துதான் காவல். மைத்துனருக்குக் கிழிந்தது கீழிறங்கும் பகுதியில். வேறு உறுப்புகளுக்கு ரத்தம் தடைபடவும் இல்லை. மருந்தே போதும் என்றார்கள். டாக்டரம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார்.

நேற்று மைத்துனர் போன் செய்தார். காலையில் நாடி 58-ஆம். மாத்திரை சாப்பிட்டால் சோர்வாக இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா என்றார். டாக்டரைக் கேட்காமல் தொட்டீர்கள் என்றால் பிரம்போடு வருவேன் என்றிருக்கிறேன்.