ஒரு மில்லிமீட்டர் கண்: பொம்மைச் சிப்பாய்களுக்கு முகம் வந்த கதை

போர் வீரர்களைச் சிறிய உருவங்களாகச் செய்து, வண்ணம் தீட்டி, வரிசையாக நிறுத்தி வைக்கும் பழக்கம் மிகப் பழமையானது. அதைச் சிறுவர் விளையாட்டு என்றோ, பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிட முடியாது. ஒரு சிப்பாயின் முகத்தையும் உடையையும் எவ்வளவு உண்மையாகத் தீட்டுவது என்ற கேள்வி, ஒரு மனிதரைக் கடன்காரராகவே ஆக்கியிருக்கிறது!

எகிப்தின் மரப் படைகள்

எகிப்தில் அஸ்யூத் நகருக்கு அருகே மெசெஹ்தி என்ற அதிகாரியின் கல்லறை 1890களில் தோண்டி எடுக்கப்பட்டது. அதில் மரத்தால் செய்த இரண்டு படைகள் இருந்தன. ஒன்றில் ஈட்டி ஏந்திய 40 எகிப்தியர்கள், மற்றொன்றில் வில் ஏந்திய 40 நூபியர்கள். வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். இன்றும் எகிப்திய அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருட்களில் இவையும் அடங்கும்.

எகிப்தியர்களுக்குச் செம்பழுப்பு நிறம், நூபியர்களுக்குக் கருநிறம். எகிப்தியர்கள் பிடித்திருக்கும் மாட்டுத்தோல் கேடயங்களில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. வீரர்களின் உயரமும் ஒன்றுபோல் இல்லை. படை என்பது ஒரே மனிதனின் 40 நகல்கள் அல்ல என்பது அந்தப் பெயர் தெரியாத கைவினைஞருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த பொம்மைத் தொழில் இதை மறந்துபோனது.

வெள்ளீயமும் கூலி வேலையும்

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் வெள்ளீயச் சிப்பாய்களுக்குப் பெயர் பெற்றது. யோஹான் காட்ஃப்ரீட் ஹில்பெர்ட் 1770களில் வார்த்த உருவங்கள் தகடு போலத் தட்டையானவை. 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், சுமார் 30 மில்லிமீட்டர் உயரத்தை ஒரு பொது அளவாகவே நிலைநிறுத்தினார்.

வார்ப்பது பட்டறையில் நடந்தது. வண்ணம் தீட்டியது யார்? பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அவரவர் வீட்டில், எண்ணிக்கைக் கணக்கில் மிகக் குறைந்த கூலிக்கு. இத்தனை டஜனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் ஒரு முகத்துக்கு எவ்வளவு நேரம் செலவிட முடியும்? தோல் நிறத்தில் ஒரு பொட்டு, கண்ணுக்கு இரண்டு புள்ளி. அவ்வளவுதான்!

இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களைக் கொண்டுவந்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலுள்ளதை வெளியே கொட்டிவிடும் முறை இது. ஈயம் மிச்சமானது, விலையும் குறைந்தது. 54 மில்லிமீட்டர் என்ற அளவு பரவ இந்த நிறுவனமே முக்கியக் காரணம். இங்கும் தூரிகை பிடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பளபளக்கும் எனாமல் வண்ணம், ரோஜா நிறக் கன்னம், மை வைத்தது போன்ற மீசை.

இந்த நிறுவனத்தின் பட்டியலில் மெட்ராஸ் காலாட்படையின் முதல் ரெஜிமெண்டும் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து சேர்ந்தவர்கள் நிறைந்த படை! ஆனால் பெட்டிக்குள் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே பழுப்பு. அந்த முகம் எந்த ஊர் மனிதனுடையது என்ற கேள்வி தொழிற்சாலைக்குத் தேவைப்படவில்லை.

உண்மையைத் தேடிக் கடனாளியானவர்

அந்தக் கேள்வியை வேறொரு விதத்தில், அதற்கு முன்பே, விடாமல் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் வில்லியம் சிபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போரின் மாதிரியைச் செய்யும்படி 1830இல் அவருக்கு உத்தரவு வந்தது. அவர் போர் நடந்த இடத்துக்கே போய், லா ஹே செயின்ட் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதங்கள் அனுப்பினார். மாலை சுமார் 7 மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? எதிரில் யார் இருந்தார்கள்? காலடியில் என்ன பயிர் விளைந்திருந்தது? பயிரைக்கூட விடவில்லை மனிதர்!

1833இல் அரசு பணத்தை நிறுத்திவிட்டது. சிபோர்ன் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1838இல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. 10 மில்லிமீட்டர் உயரமே உள்ள 70,000க்கும் அதிகமான சிப்பாய்கள், ஒவ்வொன்றும் வண்ணம் தீட்டப்பட்டது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வந்த கடிதங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த சிபோர்ன், அந்த மாலை வேளையில் பிரஷ்யப் படை பெருமளவில் களத்துக்குள் வந்துவிட்டதாகக் காட்டியிருந்தார். இது வெலிங்டன் பிரபு சொல்லிவந்த வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. வெற்றியில் கூட்டாளியின் பங்கு கூடினால் தளபதியின் பங்கு குறையுமே! எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் ஆயிரக்கணக்கான பிரஷ்யச் சிப்பாய்களைச் சிபோர்ன் தன் கையாலேயே அகற்ற வேண்டியதாயிற்று. போட்ட பணம் திரும்பவில்லை. 1849இல் அவர் இறந்தார். அந்த மாதிரி லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்களில் ஒரு பகுதியை 1891இல் அவர் மகன் நூலாக வெளியிட்டார். வாட்டர்லூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள். பொம்மை செய்யக் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த ஆவணம் அது.

முகம் எப்படி உயிர் பெறுகிறது?

20ஆம் நூற்றாண்டில் இந்தக் கலை கூலி வேலையிலிருந்து ஆர்வலர்களின் கைக்கு மாறியது. 1935இல் பிரிட்டிஷ் மாடல் சோல்ஜர் சொசைட்டி தொடங்கப்பட்டது. 1960களில் பிரான்சின் ஹிஸ்டோரெக்ஸ் நிறுவனம் நெப்போலியன் காலத்து வீரர்களைத் தனித்தனி பிளாஸ்டிக் பாகங்களாக விற்றது. அமெரிக்காவின் ஷெப் பெயின் (1946-2015) தன் நூல்கள் மூலம் ஒரு தலைமுறைக்கே இதைக் கற்றுக்கொடுத்தார். இவர்களுக்கு அவசரம் இல்லை. ஒரே முகத்துக்குப் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட முடிந்தது.

54 மில்லிமீட்டர் உருவத்தில் தலையின் உயரம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! அதற்குள் ஒரு பார்வையைக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு சிறிய பரப்பில் வெளிச்சம் தானாக நிழல் விழச் செய்யாது. ஆகவே வெளிச்சம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, நிழலையும் சேர்த்தே தீட்டுகிறார்கள். நெற்றி, மூக்கின் மேடு, கன்ன எலும்பு இவற்றுக்கு வெளிர் நிறம். கண்குழி, மூக்கின் அடிப்பகுதி, தாடைக்குக் கீழே அடர் நிறம். மேலுதடு கீழ்நோக்கிச் சரிவதால் இருண்டிருக்கும், கீழுதடு வெளிச்சம் வாங்கும். மழித்த தாடையில் மெல்லிய சாம்பல் நிறம் ஏற்றினால் இரண்டு நாள் தாடி வந்துவிடும். கண்ணுக்குச் சுத்தமான வெள்ளையை வைத்தால் சிப்பாய் பேயைக் கண்டவன் போல முழிப்பான். அதனால் வெள்ளையைச் சற்று மங்கலாக்கி, கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் மறையும்படி வைக்கிறார்கள். அக்ரிலிக் அடிப்பூச்சின் மேல் எண்ணெய் வண்ணத்தைப் பலர் விரும்புவதற்குக் காரணம், அது மெதுவாக உலர்வதுதான். ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்குள் இழைக்க நேரம் கிடைக்கிறது.

சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

உடையிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் வீரர்கள் சிவப்புக் கோட்டு அணிந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாதாரணச் சிப்பாயின் துணிக்கு மஞ்சிட்டி வகை வேரிலிருந்து எடுத்த சாயம், அதிகாரியின் துணிக்குக் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சாயம். முன்னது செங்கல்லை நினைவூட்டும், பின்னது பளிச்சென்ற செந்நிறம். வர்க்க வேறுபாடு சாயத்திலேயே இருந்தது! காலர், கைமடிப்பின் நிறமோ ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும்.

அணிவகுப்பு உடையும் போர்க்கள உடையும் ஒன்றல்ல. வாட்டர்லூவுக்கு முந்தைய இரவு கொட்டும் மழை. சேற்றில் படுத்து எழுந்தவர்கள்தான் மறுநாள் போரிட்டார்கள். தொப்பிகள் பலவும் கருப்பு எண்ணெய்த்துணி உறைக்குள் இருந்தன. நெப்போலியனின் காவல் படையினர் பெரும்பாலும் நீண்ட மேல்கோட்டோடு களமிறங்கினார்கள். இதைத் தெரிந்துகொண்டவர் தூரிகையை எடுத்தால், பித்தளைப் பளபளப்பு குறையும், சேறு கூடும்.

இங்கேதான் இந்தக் கலையின் சாரம் இருக்கிறது. உண்மைக்கு நெருங்க நெருங்க, சிப்பாய் வீரக் கோலத்திலிருந்து இறங்கி வருகிறான். பளபளக்கும் பொம்மையைக் கீழே தள்ளி விளையாடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் நிமிர்த்தி வைக்கலாம். கண்ணுக்குக் கீழே களைப்பும் கோட்டில் ஒட்டுத்துணியும் உள்ள ஒருவனை அப்படித் தள்ளிவிட யாருக்கும் கை வராது. போரில் விழுந்தவர்கள் எண்ணிக்கை அல்ல, ஆட்கள் என்பதைப் பாடப்புத்தகத்தின் பட்டியல் சொல்வதில்லை. ஒரு மில்லிமீட்டர் கண் அதைச் சொல்லிவிடுகிறது.