தீப்பெட்டி லேபிளும் சிவகாசி அச்சுத் தொழிலும்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசிக்கு அச்சுத் தொழில் தீப்பெட்டியைத் தொடர்ந்து வந்தது. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். 1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தனர். அவர்கள் தொடங்கிய தொழில் ஊரெங்கும் பரவியது. பின்னர் பட்டாசும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே அடையாளப் படத்தை வைத்து விற்கும் சரக்குகள். எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்தே கேட்டு வாங்கினர். ஆகவே வண்ண லேபிள்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அவற்றுக்காக உள்ளூரிலேயே அச்சகங்கள் எழுந்தன. ஊரின் வறண்ட வானிலையும் கைகொடுத்தது. ஈரம் ஏறினால் காகிதம் விரியும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது.

தொடக்கத்தில் நடந்தது கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலமாக மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். வண்ணத்துக்கு ஒரு கல் என்பதால், எந்த நிறம் எங்கே விழ வேண்டும் என்று பிரித்தறியும் ஓவியரே அச்சகத்தின் முதன்மைத் தொழிலாளி. பிறகு வந்த ஆப்செட்டில் உலோகத் தகட்டிலுள்ள படம் ரப்பர் விரிப்பில் பதிந்து, அதிலிருந்து காகிதத்துக்கு மாறுகிறது. வேகம் பெருகியது, திறமையின் மையம் ஓவியரிடமிருந்து கேமரா, பிலிம், தகடு கையாள்பவரிடம் நகர்ந்தது.

லேபிளுக்கு வாங்கிய இயந்திரங்கள் காலண்டருக்கும் பயன்பட்டன. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிவந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் கடைகளிலும் பூசையறைகளிலும் இடம்பிடித்தன. புத்தாண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது இங்கு வழக்கம். அதன் பிறகு மார்கழி வரை அச்சகங்கள் ஓய்வின்றி ஓடும். டைரி, நோட்டுப் புத்தகம், பாடநூல், சுவரொட்டி, வாழ்த்து அட்டை ஆகியவையும் தொழிலோடு இணைந்தன.

1990களில் கணினி பரவியதும் ஈய எழுத்துகளைக் கோத்த கம்பாசிட்டரின் வேலை மறைந்தது. கணினியிலிருந்து நேரடியாகத் தகடு எடுக்கும் முறை வந்தபோது பிலிம் பிரிவும் சுருங்கியது. அவ்விடங்களில் பக்க வடிவமைப்பாளர், வண்ணத் திருத்துநர், தகடு தயாரிப்பவர் என்ற புதிய வேலைகள் தோன்றின. இயந்திர ஆப்பரேட்டர், காகிதம் வெட்டுபவர், லேமினேஷன், டை கட்டிங், பைண்டிங் தொழிலாளர் ஆகியோரின் தேவை தொடர்ந்தது. மேற்பார்வை, தரக்கட்டுப்பாடு, செலவு மதிப்பீடு போன்ற பணிகளுக்கு அச்சுத் தொழில்நுட்பம் படித்தவர்கள் வருகின்றனர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. பாலிடெக்னிக் அளவில் பட்டயப்படிப்பும் இருக்கிறது.

செல்பேசி வந்தபின் வாழ்த்து அட்டைகளின் விற்பனை குறைந்தது. ஆனால் உணவு, மருந்து, துணி எதுவானாலும் பெரும்பாலும் உறையில்லாமல் கடைக்கு வருவதில்லை. காலண்டர் பருவத்தை நம்பியிருக்கும் வேலை. அட்டைப்பெட்டியும் லேபிளும் ஆண்டு முழுவதும் வேண்டியவை. எனவே இத்தொழிலில் நிலையான வேலைக்கு வாய்ப்பு மிகுந்த பிரிவாகப் பொதியச்சு (பேக்கேஜிங் அச்சு) விளங்குகிறது.