கடுகண்ணாவை: சரிவு தீர்மானித்த நிலையம்

நிலையங்களை எழுப்பியவர்கள் – 9

சென்ற வாரம் பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் வாசலில் நின்றோம். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1878இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் இழைத்த மாளிகை அது. அதே கண்ணோடு கடுகண்ணாவையில் இறங்குகிறவர் ஏமாந்துதான் போவார். குவிமாடம் கிடையாது, கல்லில் செதுக்கிய முகப்பும் கிடையாது. மலை முகட்டில் ஒரு சிறிய ரயில் நிலையம், அவ்வளவே.

ஆனாலும் இந்தத் தொடரில் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. பம்பாயில் ஸ்டீவன்ஸ் கட்டடத்தை வரைந்தார். ரயில் அதற்குள் வந்து நின்றது. இங்கே ஒருவர் பாதையை வரைந்தார். ஏற்றம் எங்கே முடிந்ததோ அங்கே நிலையம் அமைந்தது. அவர் பெயர் கில்ஃபோர்ட் லின்ட்சே மோல்ஸ்வொர்த். கட்டடக் கலைஞர் என்று யாரும் அவரை அழைத்ததில்லை. பொறியியலாளர்தான். ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் எவரும் ஜன்னலோரம் இடம்பிடித்துப் பார்ப்பது அவருடைய கைவண்ணத்தைத்தான்.

கண்டி இராச்சியத்தை நூற்றாண்டுகளாகக் காத்தது இந்த மலைச்சுவர். போர்த்துக்கேயப் படைகள் பலனைக் கணவாயில் பட்ட பாடு வரலாறு அறிந்ததே. 1815இல் கண்டி வீழ்ந்தபின், ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில், கப்டன் டோசன் மலையைப் பிளந்து வண்டிப்பாதை போட்டார். அவர் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த டோசன் கோபுரம் இன்றும் கடுகண்ணாவை வீதியோரம் நிற்கிறது.

அந்தப் பாதை கோப்பிக்குப் போதவில்லை. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மூடைகளை மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவது தோட்டத் துரைமாருக்குத் தீராத தலைவலியாயிற்று. வண்டிக்கூலி ஏறியது, மழைக்காலத்தில் பாதை சேறானது. 1845இலேயே இலங்கை ரயில்வே கம்பனி உருவாகிவிட்டது. ஆனால் கப்டன் மூர்சம் வந்து வழிகளை அளந்து அறிக்கை தர 1857 ஆகிவிட்டது. சுமார் எட்டரை லட்சம் பவுண் போதும் என்றார் அவர். 1858 ஆகஸ்ட்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டினார். அடுத்து வந்த தலைமைப் பொறியியலாளர் டொய்ன் மறுபடி கணக்குப் போட்டபோது தொகை 22 லட்சத்தைத் தாண்டியது. அரசாங்கம் அதிர்ந்தது. 1861இல் கம்பனியோடு இருந்த ஒப்பந்தம் முறிந்தது.

அந்தக் குழப்பத்தின் நடுவேதான் மோல்ஸ்வொர்த் மேலே வருகிறார். 1828இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பட்னி பொறியியல் கல்லூரியில் படிப்பு, ரயில் பாதை வேலையில் பயிற்சி, மான்செஸ்டரில் ஃபேர்பேர்னின் பட்டறையில் இயந்திர வேலை, கிரைமியா யுத்தக் காலத்தில் வுலிச் ஆயுதச்சாலையில் பணி. 1859இல் கம்பனியின் ஆளாக இலங்கை வந்தார். கம்பனி போனது, இவர் நின்றார். 1862இல் அரசாங்க ரயில்வேயின் தலைமைப் பொறியியலாளர், 1865இல் அதன் தலைமைப் பணிப்பாளர்.

அவர் முன்னிருந்த கணக்கு இது. ரம்புக்கனை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 290 அடி. கடுகண்ணாவை 1,690 அடி. இடையே 1,400 அடி ஏற வேண்டும். சுமையோடு வரும் நீராவி எஞ்சினுக்குக் கடும் சரிவான 45 அடிக்கு ஓரடி ஏற்றத்தை வைத்துக்கொண்டால், சுமார் 12 மைல் பாதை தேவை. 60 அடிக்கு ஓரடி என்று இலகுவாக்கினால் 16 மைல் ஆகும். செங்குத்தான மலைமுகத்தில் கூடுதலாக நான்கு மைல் என்றால் அத்தனை பாறை, அத்தனை சுரங்கம், அத்தனை பணம். சரிவைக் கடுமையாக்கிப் பாதையைக் குறுக்கும் தீர்வே நிலைத்தது. அதற்கு விலையாக, ரம்புக்கனையில் இன்னோர் எஞ்சினைப் பின்னால் பூட்டித் தள்ளவேண்டி வந்தது. உச்சியான கடுகண்ணாவையில் அதைக் கழற்றிவிடுவார்கள். இந்த நிலையம் இங்கே நிற்பதன் பொருள் அதுதான்.

இதே காலத்தில் பம்பாய்க்கு அருகே போர் காட் மலையிலும் பாதை ஏறிக்கொண்டிருந்தது. அங்கே சரிவு இன்னும் கடுமை. ரயில் ஓரிடத்தில் நின்று திசைமாறிப் பின்னோக்கி ஏறவேண்டும். கடுகண்ணாவையில் அந்தத் தொல்லை இல்லை. வளைவுக்கு வளைவு மலையை ஒட்டியே ஏறி, சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளிவந்து, பாறையின் விலாவில் வெட்டிய விளிம்பில் போகும் பாதை இது. அந்த விளிம்புக்கு ‘சென்சேஷன் ரொக்’ என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். அங்கே ஜன்னலுக்கு வெளியே கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் பைபிள் ரொக் என்னும் பத்தலேகல. எந்த முகப்புச் சிற்பமும் தராத காட்சியைச் சரிவுக் கணக்கு தந்துவிட்டது.

இரு மலைகளுக்கும் பொதுவான ஆள் ஒருவர் உண்டு: ஒப்பந்தக்காரர் டபிள்யூ. எஃப். ஃபேவியல். 1853இல் பம்பாய்க்கும் தானேக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையைப் போட்டவர்களுள் ஒருவர். போர் காட் வேலையையும் எடுத்தார். 1859இல் சம்பளப் பிரச்சினையால் அங்கே தொழிலாளர் கலகம் மூண்டது. அவ்வாண்டே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அவர்தான் 1863இல் கண்டிப் பாதையைத் தொடங்கினார்.

அவருக்கு வேண்டிய கைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி தமிழகத்துக் கிராமங்களிலிருந்து. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகக் கண்டிச் சீமை வந்தவர்கள் கோப்பித் தோட்டத்துக்குப் போனதுபோலவே ரயில் பாதைக்கும் போனார்கள். தங்கள் ஆட்களை ரயில் வேலை இழுத்துக்கொள்கிறதே என்று துரைமார் புலம்பினார்கள். அவர்களுக்கு ஆள் குறைவதுதான் கவலை. அடிவாரக் காட்டின் காய்ச்சலோ கொள்ளைநோயோ பாதை வெட்டியவர்களைத்தான் கொன்றது. மோல்ஸ்வொர்த் தாளில் இட்ட கோட்டை மலையில் இட்டவர்கள் அவர்கள்.

1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் ரயில் ஓடியது. பின்னாளில் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் ஆன இளவரசரும் அதில் பயணம் செய்தார். 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. செலவு முடிவில் சுமார் 17 லட்சம் பவுண்; மூர்சம் சொன்னதன் இரட்டிப்பு, டொய்ன் சொன்னதைவிடக் குறைவு.

யாருக்காகப் போட்டார்களோ அந்தக் கோப்பி நெடுநாள் நிலைக்கவில்லை. ரயில் கண்டிக்கு வந்து இரண்டே ஆண்டில், 1869இல், இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. ஆனால் ரயில் வந்த அதே 1867இல்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பிக்குப் போட்ட பாதையில் தேயிலை இறங்கியது.

மோல்ஸ்வொர்த் 1871இல் இந்தியா போனார். இந்திய அரசின் ரயில்வே ஆலோசனைப் பொறியியலாளராக ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு. செலவைக் குறைக்க மீட்டர் பாதை போடலாம் என்று அரசு முடிவெடுத்தபோது, அகலம் மாறும் இடமெல்லாம் சரக்கை இறக்கி ஏற்றவேண்டி வரும் என்று எதிர்த்தார். அன்று அவர் பக்கம் தோற்றது. இன்று இந்தியா பெருஞ்செலவில் மீட்டர் பாதைகளை அகலப்படுத்திவருகிறது. பொறியியலாளர்களுக்காக அவர் தொகுத்த சூத்திரக் கைந்நூல் பல பதிப்புகள் கண்டு, தலைமுறைகளின் சட்டைப்பையில் இருந்தது. 1888இல் சேர் பட்டம், 1904இல் லண்டன் சிவில் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவர் பதவி. அவர் கண்டியில் கொண்டுவந்து சேர்த்த ரயில், மலையகம் வழியாகப் பதுளையை எட்டியது 1924இல். அடுத்த ஜனவரியில், 96 வயதில், அவர் காலமானார்.

இலங்கை ரயில்வேக்கு 150 ஆண்டு நிறைந்த 2014 டிசம்பர் 27 அன்று, கடுகண்ணாவை நிலையத்தருகே தேசிய ரயில் நூதனசாலை திறக்கப்பட்டது. கண்டிக்குப் போகிறவர்கள் ஒருமுறை இறங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாருங்கள். எஞ்சின்களைக் காட்டும்போது மோல்ஸ்வொர்த்தின் சரிவுக் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சரிவை வெட்டியவர்கள் நம் முன்னோர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: சென்னை எழும்பூர் நிலையமும் ஹென்றி இர்வினும்)