சோத்துக்கும் அனுமதி வாங்கின கதை

குவைத் போர்னா நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது, 1990-ல ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேல இந்தியர்களை அம்மான் வழியா கூட்டிட்டு வந்ததுதான். 2016-ல 'ஏர்லிஃப்ட்' படமா கூட எடுத்தாச்சு. எங்க குன்னம் பக்கம் வளைகுடா போய் வந்தவங்களும் விமானக் கதையைத்தான் சொல்வாங்க. நடுவுல ஒரு சாப்பாட்டுக் கப்பல் இருக்கு. அதை யாரும் பேசறதில்லை.

ஆகஸ்ட் 2-ல ஈராக் குவைத்தைப் பிடிச்சது. 6-ம் தேதியே ஐ.நா. பாதுகாப்பு சபை 661-வது தீர்மானம் போட்டு ரெண்டு இடத்துக்கும் வணிகத் தடை விதிச்சது. மருந்துக்கு விலக்கு உண்டு. உணவுக்கு, 'மனிதாபிமானச் சூழ்நிலை' இருந்தா மட்டும்! பசி அந்த அளவுக்கு வந்துடுச்சான்னு நியூயார்க்ல ஒரு குழு முடிவு பண்ணணும். சதாமுக்குப் போட்ட பூட்டு, உள்ளே மாட்டிக்கிட்ட நம்ம கூலித் தொழிலாளிக்கும் சேர்த்து விழுந்துச்சு.

இந்தியா அனுமதி கேட்டு நின்னுது. செப்டம்பர் 13-ல 666-வது தீர்மானம், உணவு எப்படிப் போகணும்னு வழிமுறை சொன்னது. கியூபாவும் ஏமனும் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. 'விஸ்வ சித்தி' கப்பல் சுமார் 10,000 டன் சரக்கோட போனது இந்த அனுமதியிலதான்.

நம்மாளுங்க திரும்பி வந்துட்டாங்க. ஈராக்காரன் எங்கே போவான்? 1991-ல உணவுக்கான தடையைத் தளர்த்தினாங்க, சரி. எண்ணெய் விக்க விடாத நாட்டுக்கு வாங்கக் காசு ஏது? 'எண்ணெய்க்கு உணவு' திட்டத்தோட முதல் சரக்கு அங்கே போய்ச் சேர 1997 மார்ச் ஆச்சு.