இல்லாத ஆளுக்குப் பேர்

எண் போட்டுவிட்டால் பாட்டு களவு போகாது என்கிறார்கள். 1986இல் ஒலிப்பதிவுக்கென்று ஐ.எஸ்.ஆர்.சி. எண் வந்தது. அந்தப் பதிவுக்குள் இருக்கிற பாட்டுக்கு 2001இல் ஐ.எஸ்.டபிள்யு.சி. வந்தது. ஒரே பாட்டை நூறு பேர் பதிந்தால் பதிவெண் நூறு, பாட்டெண் ஒன்று. ஏற்பாடு சரிதான். ஆனா யார் பாட்டு? எழுதிக் கொடுப்பவன் சொன்னதுதான்.

ஜோஹன்னஸ்பர்க்கில் காலோ கம்பெனியில் இசைத்தட்டுகளைக் கட்டி அடுக்கிய கூலியாள் சாலமன் லிண்டா, ஜூலுக்காரர். 1939இல் அவர் பாடிப் பதிந்தது 'ம்பூபே'. பத்து ஷில்லிங் கொடுத்து உரிமையை முடித்துக்கொண்டார்கள். 1950களில் அமெரிக்காவில் அதே பாட்டுக்குப் போட்ட பேர் பால் கேம்ப்பெல். அப்படியொரு ஆளே கிடையாது, வீவர்ஸ் குழுவின் புனைபெயர்! லிண்டா 1962இல் வறுமையில் செத்தார். பிள்ளைகள் வழக்காடி 2006இல்தான் சமரசம் ஆனது.

இன்றைக்கும் பால் கேம்ப்பெல் என்று எழுதிக் கொடுத்தால் எண் கிடைத்துவிடும்.