பத்து முறை அடித்த மணி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசியம் படியுங்கள்.

போன ஐப்பசியில் என் துணைவியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் வங்கிக்குப் போயிருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த அவசர அழைப்புப் பொத்தான் அவர் கழுத்தில்தான் இருந்தது. அழுத்தியிருக்கிறார். சிவப்பு விளக்கும் மின்னியிருக்கிறது. ஆனால் என் கைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்து நான் வந்தபோது ஈரத் தரையில் கிடந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று.

காரணம்? அப்போது கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் வைஃபை இல்லை. வைஃபை இல்லாததால் செய்தி போகவில்லை. அவ்வளவுதான்.

பொருத்த வந்த பையன் பத்து முறை அழுத்திக் காட்டினான். பத்து முறையும் கைபேசி அலறியது. நானும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்! ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டச் சொல்லி வகுப்பில் விளையாட்டுக் காட்டுவேன். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போட்டால் 1681, அதாவது 41 பெருக்கல் 41. "நாற்பது முறை சரியாக வந்தது நிரூபணம் ஆகாது" என்று பிள்ளைகளிடம் சொன்னவன், பத்து முறை அடித்த மணியை நம்பிவிட்டேன்.

அந்த உறுத்தலில்தான் தேடிப் படித்தேன். எந்திரத்துக்கு நிரூபணம் உண்டா? உண்டு.

1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு மாநாட்டில் ஆலன் டூரிங் ஒரு சின்னக் கட்டுரை வாசித்தார். நிரலை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. இன்னின்ன இடத்தில் இன்னின்னது உண்மையாக இருக்கும் என்று எழுதிவைத்து, ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும் என்றார். அவர் எடுத்த உதாரணம் நம் பள்ளிக் கணக்கான தொடர் பெருக்கம்தான். இந்த யோசனையை 1967இல் ஃபிளாய்டும் 1969இல் ஹோரும் முறையான விதிகளாக்கினார்கள்.

ஆனால் அவசர மணி விடை சொல்லிவிட்டு நின்றுவிடும் நிரல் அல்ல. இரவும் பகலும் காத்திருப்பது. அப்படிப்பட்டவற்றைப் பற்றிப் பேச, 1977இல் இஸ்ரேலைச் சேர்ந்த அமீர் புனுவேலி காலத் தர்க்கத்தைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு வகை வாக்கியங்கள் முக்கியம்: கெட்டது ஒருபோதும் நடக்காது, நல்லது என்றாவது நடந்தே தீரும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க், எமர்சன் இருவரும், பிரான்சில் கெய், சிஃபாக்கிஸ் இருவரும் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள். எந்திரம் இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் கணினியே ஒன்றுவிடாமல் தேடிப் பார்க்கும். தவறு இருந்தால் அங்கே போய்ச் சேரும் வழியையே காட்டும். இதற்காகக் கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

இதற்கிடையே 1985 முதல் 1987 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு எந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தே போனார்கள். ஒரு காரணம், இயக்குபவர் திரையில் தவறைச் சட்டென்று திருத்தியது. மெதுவாகத் திருத்தினால் ஒன்றும் ஆகாது. வேகமாகத் திருத்தினால் ஆபத்து. பழைய மாடலில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை, மென்பொருளை நம்பி எடுத்துவிட்டிருந்தார்கள்.

"என்றாவது நடக்கும்" என்பது விழுந்து கிடப்பவருக்குப் போதுமா? நாளைக்கு அடிக்கும் மணி எதற்கு? நேரத்தையும் கணக்கில் சேர்த்தவர்கள் கான்பூர் ஐஐடியில் படித்த ராஜீவ் ஆலூரும் டேவிட் டில்லும். 1990களின் தொடக்கத்தில் கடிகாரம் வைத்த மாதிரிகளை உருவாக்கினார்கள். அதை வைத்து ஸ்வீடனின் உப்சாலா, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1995இல் 'உப்பால்' என்ற கருவியை வெளியிட்டன. "பொத்தானை அழுத்தினால் 60 நொடிக்குள் செய்தி போகுமா?" என்று இன்று அதனிடம் கேட்கலாம். முதியோர் உதவிக் கருவிகளை ஆராய்பவர்களில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. நிரூபணம் நாம் எழுதிய மாதிரிக்குத்தான். மாதிரியில் கரண்ட் போவதை எழுதாமல் விட்டால், நிரூபணம் சரியாக இருக்கும். மனுஷி தரையில் கிடப்பாள்.

நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். கரண்ட், வைஃபை, கைபேசி மூன்றும் இருக்கலாம், இல்லாமல் போகலாம். மொத்தம் எட்டு நிலைகள். அந்தப் பையன் பத்து முறை சோதித்தது ஒரே ஒரு நிலையை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, எட்டையும் எழுதிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

இப்போது வைஃபைக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொத்தான் இருந்தால், இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மணி அடித்ததா என்று கீழே எழுதுங்கள்.