எழுந்து போகாத சபை

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் எழுந்து வெளியே போகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அதாவது, வெகு காலம் அப்படி இருந்தவன்.

சங்கீத சபைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடகர் பிரதான கீர்த்தனையை முடித்து, மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையை அசைப்பார். உடனே நாற்காலிகள் கிறீச்சிடும். செருப்புகள் தேடப்படும். காண்டீனில் காபிக்கும் கீரை வடைக்கும் கூட்டம் நெருக்கும். அரங்கத்தில் ஒரு மனிதர் தம் வாழ்நாள் உழைப்பையெல்லாம் பத்து விரல்களில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருப்பார். நாம் வெளியே சர்க்கரை போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஊரில் ஒரு கடம் வித்வான் இருந்தார். வெளியூர்ப் பாடகர் யார் வந்தாலும் அவர்தான் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் நான் முதல் வரிசையில் இருந்தேன். மிருதங்கம் ஒரு சுற்று வாசித்து முடித்து, அவருடைய முறை வந்தது. நான் எழுந்தேன். பானையின் வாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. தினம் பார்க்கிற ஒன்றைப் பார்க்கிற பார்வை. நான் திரும்பி வந்தபோது துக்கடா நடந்துகொண்டிருந்தது. அவர் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதை நான் மறந்தே போயிருப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு நண்பர் வீட்டில் ஓர் இசைத்தட்டைக் கேட்டிராவிட்டால்.

அது ஒரு கச்சேரியின் நேர்ப் பதிவு. அரங்கில் வாசித்ததை வாசித்தபடியே பிடித்தது. 1975-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டு தீவில், சௌத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி. அமெரிக்கர்களின் சுதந்திர தினத்துக்கு மறுநாள். குழுவின் பெயர் ‘சக்தி’. ஐந்து பேர். கித்தாரில் ஜான் மெக்லாக்லின். வயலினில் எல். சங்கர். தபலாவில் ஜாகிர் உசேன். மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். கடத்தில் டி. எச். விநாயக்ராம்.

இந்த ஐவர் எப்படி ஒன்று சேர்ந்தார்கள் என்பதே ஒரு சரித்திரம்.

மெக்லாக்லின் 1942-இல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தவர். 1969-இல் அமெரிக்கா சென்று, ஜாஸ் உலகத்தின் பெரிய எக்காள வித்வானான மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்து வாசித்தார். ஜாஸுக்குள் மின்சார வாத்தியங்களையும் ராக் இசையின் தாளத்தையும் கொண்டுவந்து புகுத்திய வருஷங்கள் அவை. இந்தக் கலப்புக்குத்தான் பிற்காலத்தில் ‘ஃப்யூஷன்’ என்று பெயர் வந்தது. 1971-இல் மெக்லாக்லின் சொந்தமாக ஒரு குழு அமைத்தார். பெயர் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’. பெயர்தான் சாந்தமே தவிர, சத்தம் காதைக் கிழிக்கும். வேகமோ சொல்லி முடியாது. அவர் வாசிப்பைக் கேட்டு இளைஞர்கள் வாய் பிளந்தார்கள்.

அந்தப் புகழ் உச்சியில் இருந்த சமயத்தில்தான் அவர் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். வெஸ்லியனில் அக்காலத்தில் கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு சின்னக் குடியிருப்பே இருந்தது. பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் அங்கே கற்பித்தவர். அவருடைய சகோதரர்தான் மிருதங்கம் ராகவன். அவரும் அங்கே ஆசிரியர். வயலின் சங்கர் அங்கே படித்தவர். விநாயக்ராமோ அதற்கு முன்பே அமெரிக்காவைப் பார்த்திருந்தார். 1966-இல் எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் அவரே. ஜாகிர் உசேன் பம்பாயில் பிறந்தவர். தபலா மேதை அல்லா ரக்காவின் மகன்.

மின்சாரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு மெக்லாக்லின் இவர்களோடு மேடையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சாதாரண மரக் கித்தாரில் நம் வீணையைப் போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க முடியாது. அதற்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, தம்பூராவைப்போல் சுருதி கூட்டும் தந்திகளையும் சேர்த்து, ஒரு கித்தாரையே தமக்கென்று செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

நண்பர் வீட்டில் கேட்ட தட்டில் மூன்றே உருப்படிகள். முதலாவது 18 நிமிஷம். பெயர் ‘ஜாய்’, அதாவது ஆனந்தம். இரண்டாவது ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சாந்தமான மெட்டு. மூன்றாவது 29 நிமிஷம். முதல் உருப்படியில் கித்தாரும் வயலினும் ஒரே மூச்சில், ஒரே கோட்டில், மின்னல் வேகத்தில் ஓடுகின்றன. எது கித்தார், எது வயலின் என்று பிரிக்க முடியவில்லை. அடியில் தபலாவும் மிருதங்கமும் கடமும் கொதிக்கின்றன. முடிந்ததும் ஒரு முழக்கம் எழுகிறது. மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டல் அல்ல அது. நடந்ததை நம்ப முடியாதவர்கள் போடுகிற கூச்சல்.

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்? வேகத்தைப் பார்த்து மலைத்துப் போய்விட்டான்!” என்றார்.

நானும் அப்போது சிரித்தேன். அப்படிச் சிரிப்பதற்கு ஆதாரமும் கைவசம் இருந்தது. 1971 ஆகஸ்டு முதல் தேதி, வங்க தேச அகதிகளுக்காக நியூயார்க்கில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடந்தது. ரவி சங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்தார்கள். சேர்த்து முடித்ததும் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரமாகக் கை தட்டினார்கள்! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவி சங்கர் நயமாகச் சொன்னார். அந்தக் கதையை நாம் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம்!

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தெரியாதவன் உட்கார்ந்து கேட்டான். தெரிந்த நான் எழுந்து போனேன். இதில் சிரிக்க வேண்டியவர் யார்?

அப்புறம் இன்னொன்றும் தோன்றிற்று. அந்தச் சபைக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா?

ஜாஸ் கேட்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும் என்பது அவனுக்குத் தெரியும். எக்காளக்காரர் தம் கற்பனையை வாசித்து முடித்தால் நடுவிலேயே கை தட்டுவான். பிறகு பியானோக்காரரின் முறைக்காகக் காத்திருப்பான். முரசுக்காரரும் அங்கே ஓர் ஆள்தான். மற்றவர்கள் எட்டு அளவு வாசித்து நிறுத்த, முரசு எட்டு அளவு பதில் சொல்லும். பிறகு நாலுக்கு நாலு என்று சுருங்கும். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒரு ஆவர்த்தனம், அரை, கால் என்று மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டு போவதும் இதுதானே? அதற்குக் ‘குறைப்பு’ என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். காது பழகிய அந்த ஜனங்களுக்குப் பெயர் தெரியாவிட்டால் என்ன, விஷயம் தெரிந்துவிட்டது.

கணக்கும் அப்படியே. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 17 மாத்திரையை ஏதாவது ஒரு நடையில் கடத்திவிட்டு, ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று தடவை வாசித்தால் 15 மாத்திரை. 32 நிறைகிறது, அடுத்த தட்டு சமத்தில் வந்து விழுகிறது. கூட்டிப் பார்க்கிறவன் ‘சபாஷ்’ என்கிறான். கூட்டத் தெரியாதவனுக்கோ, ஏதோ ஒன்று விழப்போகிறது என்று நெஞ்சு படபடக்கிறது. விழாமல் சரியான இடத்தில் நின்றதும் மூச்சு வெளியே வருகிறது. வாசிக்கிறவர் விரும்புவது அந்த இரண்டாவது மூச்சைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நண்பரும் நானும் கவனிக்காத இன்னொரு விஷயமும் இருந்தது. ‘வெள்ளைக்காரனும் நம்மவர்களும் சேர்ந்த கலப்பு’ என்று நாம் பேசினோம். அந்த மேடையில் அதைவிடப் பழைய வேலி ஒன்று இருந்தது. தபலாவும் கடமும் எந்தச் சபையில் ஒன்றாக உட்கார்ந்தன? வடக்கத்திச் சங்கீதமும் தெற்கத்திச் சங்கீதமும் நூற்றாண்டுக் கணக்கில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தும் ஒரே பந்தியில் சாப்பிடாதவை. தாளப் பெயர்கள் வேறு, சொற்கட்டு வேறு, சமத்துக்கு வந்து சேருகிற வழி வேறு. ஒரு சொல்லை மூன்று தடவை சொல்லி முடிக்கும் வழக்கம் மட்டும் இருவருக்கும் பொது. அங்கே அதைத் ‘திஹாய்’ என்பார்கள், இங்கே தீர்மானம். அந்தச் சிறிய வாசல் வழியாகத்தான் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனார்கள். அமெரிக்கச் சபைக்கு இந்த வேலி தெரியாது. கடம் ‘உபபக்கவாத்தியம்’ என்பதும் தெரியாது. மேடையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரையும் கேட்டார்கள். அவ்வளவுதான்.

அறியாமையைப் புகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். மலைப்பு மட்டும் ஒரு கலையை வாழவைத்துவிடாது. 1976-இல் வெளிவந்த அந்தத் தட்டுக்கு மின்சாரக் குழுவின் தட்டுகளுக்கு இருந்த கிராக்கி இருக்கவில்லை. ராகவன் விலகிய பிறகு நால்வராக இன்னும் இரண்டு தட்டுகள் கொடுத்தார்கள். 1978-இல் குழு கலைந்தது.

ஆனால் கலைந்த இடத்தில் முளைத்தவை பல. மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ என்ற தட்டில் ஜாகிரும் விநாயக்ராமும் வாசித்தார்கள். அது 1992-இல் கிராமி பரிசு பெற்றது. 1997-இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று குழு மறுபடி கூடிற்று. பின்னர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வந்தார். மாண்டலினும் 2014-இல் மறைந்தது. அதே வருஷம் விநாயக்ராமுக்குப் பத்மபூஷண் விருது. கடத்துக்கே கிடைத்த மரியாதை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். 2024 பிப்ரவரியில் ‘சக்தி’யின் புதிய தட்டுக்குக் கிராமி பரிசு கிடைத்தது. அந்த வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73.

செய்தி வந்த இரவு அந்தப் பழைய கச்சேரியை மறுபடி கேட்டேன். சௌத்ஹாம்ப்டனில் அவருக்கு வயது 24. முடிவில் எழும் முழக்கத்தைக் கேட்டபோது இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுதான் நினைவுக்கு வந்தது: எங்கள் ஊர் கடம் வித்வானின் அந்தப் பார்வை.

அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. மானாமதுரை மண்ணில் சுட்டெடுத்த கனமான பானை அவருடையது. எத்தனை சாயங்காலங்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்! அவரிடம் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. கேட்கவில்லை என்றால் விசாரிக்கவில்லை என்று அர்த்தமல்ல, காதால் கேட்கவில்லை. அவர் வாசிப்பு எந்தத் தட்டிலும் இல்லை. நானும் அங்கே இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

இப்போதெல்லாம் தனி ஆவர்த்தனத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு இன்னும் சரியாக வருவதில்லை. விரலை மடக்கிக்கொண்டே வருவேன், மூன்றாவது சுற்றில் தவறிவிடும். பரவாயில்லை. போன டிசம்பரில் ஒரு கச்சேரியில், சின்னப் பையன் ஒருவன் கடம் வாசித்தான். அவன் முறை வந்தபோது வழக்கம்போல நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் இருந்தேன்.